மாற்றிகள் பத்தியை எப்படிக் கட்டித் தருகின்றன

வேர்டிலோ லாடெக்கிலோ மார்க்டவுனிலோ எழுதியதை ஒரு மாற்றி மென்பொருளால் எச்டிஎம்எல் ஆக்கி பிரவுசரில் திறந்து பார்க்கிறோம். எழுத்து சரியாக வந்திருக்கிறது, படங்கள் இருக்கின்றன, தலைப்புகள் பெரிதாகத் தெரிகின்றன. வேலை முடிந்ததுபோல் தோன்றும். சிஎஸ்எஸ் எழுத உட்காரும்போதுதான் மாற்றி செய்து வைத்திருப்பது புலப்படும். தலைப்பை அடுத்து வரும் முதல் பத்தியை உள்தள்ளாமல் விட வேண்டும். பட்டியலுக்குள் இருக்கும் பத்திகளுக்கு இடைவெளி குறைய வேண்டும். எச்சரிக்கைப் பெட்டியின் கடைசிப் பத்திக்குக் கீழே வெற்றிடம் மிஞ்சக் கூடாது. மூன்றும் அன்றாடத் தேவைகள். ஒரு கட்டமைப்பில் இவை மூன்று விதிகளில் முடியும். இன்னொன்றில் விதிவிலக்குக்கு மேல் விதிவிலக்காக வளர்ந்துகொண்டே போகும்.

டேக்குகள் குறைவாக இருந்தால் நல்ல மாற்றி என்று பலர் தீர்மானித்துவிடுகிறார்கள். அந்த அளவுகோல் போதாது. ஒரே வகைப் பத்தி ஆவணத்தில் எங்கே வந்தாலும் ஒரே கட்டமைப்பில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கிளாஸ் பெயர் இருந்தால், அந்தப் பெயர் பத்தி செய்யும் வேலையைச் சொல்கிறதா, தோற்றத்தைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டைல் எழுதுபவருக்கு உதவுவது இந்த இரண்டும்தான். ஒரு டேக் கூடுதலா குறைவா என்பது இவற்றுக்குப் பிறகு வரும் கணக்கு.

முதலில் எச்டிஎம்எல்லின் பி டேக் போடும் கட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் பத்தி என்று நினைப்பதும் பி டேக் பத்தி என்று ஏற்பதும் ஒன்றல்ல. ‘இதற்குத் தேவையானவை’ என்று தொடங்கி, நடுவே ஒரு பட்டியல் கொடுத்து, ‘இவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு’ என்று அதே வாக்கியத்தைத் தொடரலாம். எழுதுபவருக்கு அது ஒரே பத்தி. பி டேக்குக்குள்ளோ பட்டியலும் வரக் கூடாது, டிவ்வும் வரக் கூடாது. சொற்களும் சொற்களோடு ஓடும் சிறு டேக்குகளும் மட்டுமே வரலாம். மீறிப் பட்டியலை உள்ளே வைத்தால் பிரவுசர் பிழை காட்டாது. தானாகவே பி டேக்கைப் பட்டியலுக்கு முன்பே மூடிவிடும். பட்டியல் வெளியே நிற்கும். அதன் பின் வரும் ‘இவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு’ எந்த டேக்குக்குள்ளும் இல்லாமல் வெறும் எழுத்தாகக் கிடக்கும். கடைசியில் நாம் எழுதிய மூடும் டேக்குக்கு ஜோடி இல்லாததால், பிரவுசர் அங்கே ஒரு வெற்றுப் பத்தியை உருவாக்கும். எச்டிஎம்எல் விதிமுறையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. பத்திக்கு ‘குறிப்பு’ என்று கிளாஸ் கொடுத்திருந்தால், அது முதல் துண்டோடு நின்றுவிடும். இடையில் தெரியும் விளக்கமில்லாத வெற்றிடத்துக்கு அந்த வெற்றுப் பத்தி ஒரு காரணமாகலாம். எல்லா மாற்றிகளும் இந்தச் சுவரில் முட்டியே ஆக வேண்டும். எப்படிச் சமாளிக்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

தோற்றத்தை அப்படியே சுமந்து வருபவை ஒரு குடும்பம். வேர்டிலிருந்து வலைப்பக்கமாகச் சேமித்தால், ‘ஃபில்டர்ட்’ வகையில் சேமித்தாலும்கூட, சாதாரணப் பத்திகள் எல்லாம் ‘எம்எஸ்ஓநார்மல்’ என்ற கிளாஸோடு வரும். பட்டியல் வரிகள் பெரும்பாலும் பட்டியலாகவே வராது. அவையும் பி டேக்குகள்தான். முன்னால் சிம்பல் ஃபான்ட்டில் ஒரு புள்ளி, அதைத் தொடர்ந்து 7 பாயின்ட் அளவில் சில வெற்றிடக் குறிகள், பிறகு எதிர்த்திசையில் கால் அங்குல உள்தள்ளல். கண்ணுக்குப் பட்டியல்போல் தெரியும். சிஎஸ்எஸ்ஸுக்கும் திரைவாசிப்பானுக்கும் அது பட்டியல் அல்ல. பட்டியலின் முதல் வரி, நடு வரிகள், கடைசி வரி ஆகியவற்றுக்கு வேர்டு தனித்தனிக் கிளாஸ் பெயர்கள் கொடுப்பதையும் பார்க்கலாம். ஒரே ஸ்டைலில் உள்ள அடுத்தடுத்த பத்திகளுக்கு இடையே இடைவெளி விடாதே என்ற வேர்டின் அமைப்பு அங்கே மூன்று கிளாஸ்களாக உருமாறியிருக்கிறது. பட்டியல் என்ற உண்மை தொலைந்து, இடைவெளி பற்றிய தகவல் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழ் ஆவணங்களில் இது இன்னும் மோசம். வேர்டு ஒவ்வொரு எழுத்து வகைக்கும் தனி ஃபான்ட் வைத்திருக்கும். தமிழ் வாக்கியத்தின் நடுவே ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் பத்தி துண்டாகும்; தமிழ்த் துண்டு ஒவ்வொன்றும் லதா அல்லது நிர்மலா ஃபான்ட்டின் பெயரோடு ஸ்பான் டேக்குக்குள் போகும். ஃபான்ட் பெயர் டேக்கிலேயே எழுதப்பட்டிருப்பதால், பத்திக்கு நாம் வெளியிலிருந்து கொடுக்கும் ஃபான்ட் அந்தத் துண்டுகளைத் தொடாது. அவசரத்தில் ‘இம்பார்ட்டன்ட்’ போட்டு அடக்கப் பார்ப்பார்கள்; அடுத்த முறை உண்மையாகவே ஒரு விதிவிலக்கு தேவைப்படும்போது அதுவே தடையாக நிற்கும்.

கூகுள் டாக்ஸ் ஏற்றுமதி செய்யும் எச்டிஎம்எல் பார்வைக்கு இதைவிடச் சுத்தம். ஸ்டைல்கள் மேலே ஒரே இடத்தில் இருக்கும். பத்திகளுக்கு சி1, சி2, சி3 என்று சிறு பெயர்கள் இருக்கும். அந்த எண்களுக்கு நிலையான பொருள் கிடையாது. ஆவணத்தில் சில திருத்தங்கள் செய்து மறுபடி ஏற்றுமதி செய்தால், நேற்று மேற்கோளுக்கு இருந்த எண் இன்று படக்குறிப்புக்குப் போயிருக்கலாம். இன்டிசைனின் ‘பாராஓவர்ரைடு-1’ போன்ற பெயர்களும் இதே ரகம்: யாரோ கையால் ஏதோ மாற்றினார்கள் என்ற செய்தி மட்டும் அதில் இருக்கிறது, ஏன் மாற்றினார்கள் என்பது இல்லை. லாடெக்கை மாற்றும் டெக்4எச்டி ‘இன்டென்ட்’, ‘நோஇன்டென்ட்’ என்று பெயரிடுகிறது. இவை எண்களைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் உள்தள்ளலுக்குப் பதில் இடைவெளியால் பத்திகளைப் பிரிக்க நினைப்பவருக்கு ‘நோஇன்டென்ட்’ என்ற பெயர் உதவாது. அந்தப் பத்தி தலைப்பை ஒட்டி வந்ததால் உள்தள்ளப்படவில்லையா, ஆசிரியர் வேண்டுமென்றே தவிர்த்தாரா என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெறும் பி டேக்கை மட்டும் தருபவை எதிர்த் திசைக் குடும்பம். 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுன் இதன் ஊற்று. வெற்று வரி விட்டால் புதிய பத்தி. கிளாஸ் இல்லை, சுற்றி டிவ் உறை இல்லை. தலைப்புக்குப் பின் வரும் பத்தியைத் தவிர மற்றதை உள்தள்ள ‘பி + பி’ என்ற ஒரே சிஎஸ்எஸ் தேர்வி போதும். இந்த எளிமையை நான் மனதார மதிக்கிறேன். கட்டுரை, செய்தி, கதை போன்ற நேரான எழுத்துக்கு இதைவிட நல்ல கட்டமைப்பு இல்லை.

பட்டியல் வந்ததும் எளிமை உடைகிறது. மார்க்டவுனில் பட்டியல் வரிகள் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து இருந்தால், எழுத்து நேரடியாக எல்ஐ டேக்குக்குள் வரும், பி டேக் இருக்காது. வரிகளுக்கு இடையே ஒரே ஒரு இடத்தில் வெற்று வரி விட்டிருந்தாலும், அந்தப் பட்டியலின் எல்லா வரிகளுக்கும் பி டேக் வந்துவிடும். மார்க்டவுனைத் துல்லியமாக வரையறுக்கும் காமன்மார்க் இதை நெருக்கமான பட்டியல், தளர்வான பட்டியல் என்று பிரித்து விதியாகவே வகுத்திருக்கிறது. விதி தெளிவானதுதான், ஆனால் ஸ்டைல் எழுதுபவருக்கு அதன் விளைவு கடினம். ஆசிரியர் போகிறபோக்கில் தட்டிய ஓர் என்டர், பட்டியல் முழுவதன் கட்டமைப்பையும் மாற்றிவிடுகிறது. பக்கத்தில் ஒரு பட்டியல் இறுக்கமாகவும் அடுத்தது அகலமாகவும் தெரிந்தால் வாசகர் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைப்பார். காரணம் ஒன்றும் இல்லை. அதைவிடப் பெரிய இடைஞ்சல், நெருக்கமான பட்டியலில் டேக் இல்லாமல் நிற்கும் எழுத்து. சிஎஸ்எஸ்ஸில் வெறும் எழுத்தைத் தேர்ந்தெடுக்க வழி கிடையாது. ஒரு வரிக்குள் இன்னொரு உட்பட்டியல் இருந்தால், மேல் வரியின் எழுத்துக்கு மட்டும் கீழே கொஞ்சம் இடம் விடுவதுகூட நேராக முடியாது.

இதற்கு ஸ்பிங்க்ஸ் நல்ல சாட்சி. நிரல் ஆவணங்களுக்கு உலகெங்கும் பயன்படும் அந்த மென்பொருளின் அடித்தளமான டாக்யூட்டில்ஸ், பழைய எச்டிஎம்எல் எழுதியில் (வெளியீட்டை எழுதும் பகுதியில்) எளிய பட்டியல்களின் பி டேக்குகளை நீக்கிவிடும். இருக்கும் பத்திகளில் முதலாவதற்கும் கடைசிக்கும் ‘ஃபர்ஸ்ட்’, ‘லாஸ்ட்’ என்று கிளாஸ் ஒட்டும். புதிய எச்டிஎம்எல்5 எழுதி இந்த வழக்கத்தைக் கைவிட்டது. பி டேக் எப்போதும் இருக்கும். பட்டியல் நெருக்கமானது என்பதை யூஎல்லின் மேல் ‘சிம்பிள்’ என்ற கிளாஸ் சொல்லும். இடைவெளியைக் குறைப்பது சிஎஸ்எஸ்ஸின் பொறுப்பு. 2019இல் வந்த ஸ்பிங்க்ஸ் 2.0 இதையே இயல்பாக்கியபோது, பழைய கட்டமைப்பை நம்பி எழுதிய தீம்களில் பட்டியல்கள் திடீரென்று அகன்று தெரிந்தன. அந்தத் தொந்தரவு உண்மையானது. இருந்தும் மாற்றம் சரியான திசையில் போனது: கட்டமைப்பு மாறாமல் நின்று, வேறுபாட்டைப் பெயர் சொல்கிறது. தீம் எழுதுபவர் ஒரு தடவை சரிசெய்தால் போதும்.

மூன்றாவது குடும்பம் பத்திக்கு உறை போடுகிறது. ஆஸ்கிடாக் வடிவத்தை மாற்றும் ஆஸ்கிடாக்டர் ஒவ்வொரு சாதாரணப் பத்தியையும் ‘பாராகிராஃப்’ என்ற கிளாஸ் உள்ள டிவ்வுக்குள் வைத்து, அதன் உள்ளே பி டேக்கைத் தருகிறது. பட்டியல் வரிகளுக்குள்ளும் எப்போதும் பி டேக் இருக்கும். முதல் முறை பார்ப்பவர் இந்த டிவ் எதற்கு என்று கேட்பது இயல்பு. ஆஸ்கிடாக்கில் பத்திக்குத் தனித் தலைப்பு கொடுக்கலாம், ஐடி கொடுக்கலாம், ‘லீட்’ போன்ற பாத்திரப் பெயரும் கொடுக்கலாம். தலைப்பு பி டேக்குக்குள் உட்கார முடியாது. எனவே தலைப்பையும் பத்தியையும் சேர்த்துப் பிடிக்க ஓர் உறை தேவை. சில பத்திகளுக்கு மட்டும் உறை போட்டால் ‘பி + பி’ சில இடங்களில் பலிக்கும், சில இடங்களில் பலிக்காது. எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால் தேர்வி கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். எங்கும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

உறையை விரும்பாத பேண்டாக்கும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது. ஜான் மெக்ஃபார்லேன் 2006 முதல் வளர்த்துவரும் இந்த மாற்றி, எந்த வடிவத்தையும் முதலில் தனக்குள் ஒரு மர அமைப்பாக்கிக்கொண்டு பிறகு வேறு வடிவமாக எழுதும். அந்த அமைப்பில் பத்திக்குக் கிளாஸ் வைக்க இடமே இல்லை. ஒரு பத்தியை ‘எச்சரிக்கை’ என்று குறிக்க வேண்டுமானால், மூன்று முக்காற்புள்ளிகளால் வேலியிட்டு டிவ்வுக்குள்தான் வைக்க வேண்டும். வேர்டு கோப்பில் நாம் பெயரிட்ட ஸ்டைல்களையும் பேண்டாக் இயல்பாகக் கைவிட்டுவிடும்; உள்ளீட்டு வடிவத்தோடு ‘ஸ்டைல்ஸ்’ என்ற நீட்சியைச் சேர்த்தால், ஸ்டைல் பெயரைச் சுமந்த டிவ்வாகப் பத்தி வெளியே வரும். பெயர் வேண்டும் என்றால் உறை வேண்டும். அதை எல்லாப் பத்திக்கும் போடுவதா, கேட்டதற்கு மட்டும் போடுவதா என்பதில்தான் இரு மென்பொருள்களும் பிரிகின்றன.

உறையின் முழுப் பயனும் தெரிவது லாடெக்எம்எல்லில். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட், தன் கணிதச் சார்புகளின் மின்னூலகத்துக்காக உருவாக்கிய மாற்றி இது; 2023 டிசம்பர் முதல் ஆர்க்கைவ் தளம் தன் ஆய்வுக் கட்டுரைகளின் எச்டிஎம்எல் பதிப்புக்கும் இதையே பயன்படுத்துகிறது. கணிதக் கட்டுரையில் ஒரு வாக்கியம் தொடங்கி, நடுவே தனி வரியில் சமன்பாடு வந்து, ‘என்பதால்’ என்று தொடர்வது பக்கத்துக்குப் பக்கம் நடக்கும். லாடெக்எம்எல் இங்கே இரண்டு அடுக்குகளைப் பிரித்துக் காட்டுகிறது. பொருளால் ஒன்றான பத்தி ‘எல்டிஎக்ஸ்_பாரா’ என்ற டிவ், அதற்குள் எழுத்துத் துண்டுகள் ‘எல்டிஎக்ஸ்_பி’ என்ற பி டேக்குகள், இடையே சமன்பாடு. பத்திகளுக்கு இடைவெளி விட வேண்டுமா, டிவ்வுக்கு மார்ஜின் கொடுக்கலாம். உள்தள்ள வேண்டுமா, டிவ்வின் முதல் பி டேக்கை மட்டும் உள்தள்ளலாம். சமன்பாட்டுக்குப் பின் வரும் ‘என்பதால்’ புதிய பத்திபோல் தள்ளி நிற்காது. பி டேக் தர மறுத்த ஒருமையை உறை மீட்டுத் தந்துவிட்டது. நான் பார்த்தவற்றுள் பத்தியைப் பற்றி மிகத் தெளிவாகச் சிந்தித்த கட்டமைப்பு இதுதான்.

உறைக்கு விலை இல்லாமல் இல்லை. எச்சரிக்கைப் பெட்டிக்குள் கடைசிப் பத்தியின் கீழ் மார்ஜினை நீக்கப் பெட்டியின் கடைசிக் குழந்தைக்கு மார்ஜின் பூஜ்யம் என்று எழுதுவோம். உறை இருந்தால் கடைசிக் குழந்தை டிவ். மார்ஜினோ உள்ளே இருக்கும் பி டேக்கில். விதி வீணாகும். ஆஸ்கிடாக்டரின் சொந்த ஸ்டைல் தாளே, பெட்டியின் கடைசிக் குழந்தையின் கடைசிக் குழந்தை என்று இரண்டு படி இறங்கிப் போய்த்தான் இதைச் செய்கிறது. பரிகாரம் எளிது: உறை தரும் மாற்றியோடு வேலை செய்யும்போது பி டேக்கின் மார்ஜினைப் பூஜ்யமாக்கிவிட்டு, இடைவெளியை எல்லாம் உறையின் மேல் மட்டும் வையுங்கள். இரண்டிலும் பாதிப் பாதி வைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

ஆஸ்கிடாக்டர் தன் நியதியைத் தானே மீறும் இடங்களும் உண்டு, அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ‘நோட்’ என்று தொடங்கும் ஒரு வரிக் குறிப்பு, ஆஸ்கிடாக்டர் அதற்காக உருவாக்கும் அட்டவணைக் கட்டத்துக்குள் வெறும் எழுத்தாக வரும். உறையும் இல்லை, பி டேக்கும் இல்லை. அதே குறிப்பை வேலியிட்டு எழுதினால் இரண்டும் வரும். மேற்கோளும் அப்படியே. வாசகருக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெட்டிகள் உள்ளே வேறு வேறாக இருக்கும். குறிப்புகளை எப்போதும் வேலியிட்டே எழுதுவது என்று குழுவுக்குள் முடிவு செய்துகொண்டால் இது தீரும்.

உறை போட்டால் பக்கம் பருத்துவிடும் என்பது முதல் மறுப்பு. கோப்பின் அளவு கூடும் என்பது சரி. ஆனால் ஆயிரம் முறை திரும்பவரும் ஒரே டேக் சரம், சேவையகம் பக்கத்தைச் சுருக்கி அனுப்பும்போது மிகக் குறைவான இடத்தையே பிடிக்கும்; ஒரு சிறு படம் அதைவிடப் பன்மடங்கு கனம். பக்கத்தைப் பருக்கவைக்கும் உண்மையான சுமை, வேர்டு தருவதுபோல் ஒவ்வொரு துண்டிலும் வேறு வேறு அளவுகளோடு ஒட்டிக்கொண்டு வரும் ஸ்டைல்கள். பொருளில்லாத டிவ் அழகல்ல என்ற வாதத்துக்கு என்னிடம் கூடுதல் மரியாதை உண்டு. ஆஸ்கிடாக்டருக்கே டிவ்களைக் குறைத்துப் பொருளுள்ள டேக்குகளைத் தரும் மாற்று எழுதி ஒன்று இருக்கிறது. நேரான எழுத்துக்கு அது பொருந்தும். சமன்பாடு, பட்டியல், தலைப்புள்ள பத்தி எல்லாம் கலந்த ஆவணத்தில் உறைக்குப் பொருள் வந்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: இப்போது ‘ஹேஸ்’ தேர்வி எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் வந்துவிட்டது, படம் மட்டும் இருக்கும் பத்தியைக்கூடத் தேடிப் பிடிக்கலாம், பிறகு மாற்றி எப்படித் தந்தால் என்ன? 2023 முடிவதற்குள் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் சொன்ன உதாரணமே அதன் எல்லையைக் காட்டுகிறது. ஒரே குழந்தை படமாக உள்ள பத்தி என்று தேடினால், படத்தோடு இரண்டு வாக்கியம் எழுத்தும் உள்ள பத்தியும் சிக்கும்; ஏனென்றால் அந்தத் தேர்வி எழுத்தைக் குழந்தையாக எண்ணுவதில்லை. தேர்வி எவ்வளவு வளர்ந்தாலும் கட்டமைப்பில் எஞ்சியிருப்பதைத்தான் அதனால் பார்க்க முடியும். இது எச்சரிக்கை, இது மேற்கோள், இது முன் பத்தியின் தொடர்ச்சி என்ற தகவலை மாற்றும்போது தொலைத்துவிட்டால், அதை எந்தத் தேர்வியும் திருப்பிக் கொண்டுவராது.

வேர்டில் இருந்த தோற்றமே வலையிலும் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. ஒப்பந்தம், அரசாணை, படிவம் போன்றவற்றில் அந்தக் கோரிக்கை நியாயமானது. அவற்றை பிடிஎஃப்பாகத் தருவதே முறை. மற்றவை கைபேசித் திரையில் படிக்கப்படுகின்றன. ஏ4 தாளுக்கு அளந்து வைத்த உள்தள்ளலும் வரி இடைவெளியும் அங்கே வாசிப்பைக் கெடுக்கும்.

மாற்றியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை ஆவணம் தயாரித்துக்கொள்ளுங்கள். தலைப்பை அடுத்து இரண்டு பத்திகள், நடுவே பட்டியல் புகுந்த ஒரு பத்தி, வெற்று வரி உள்ளதும் இல்லாததுமாக இரண்டு பட்டியல்கள், எழுத்தோடு ஒரு படம், எழுத்தில்லாத ஒரு படம், ஆங்கிலச் சொல் கலந்த தமிழ்ப் பத்தி, நான்கு வரிச் செய்யுள், பெயரிட்ட ஸ்டைலில் ஓர் எச்சரிக்கை: இவ்வளவு போதும். மாற்றிப் பார்த்துவிட்டு பிரவுசரில் தோற்றத்தைப் பார்க்காமல் எச்டிஎம்எல்லை நேராகத் திறந்து படியுங்கள். செய்யுளை மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். வேர்டில் ஒவ்வோர் அடியையும் என்டர் தட்டி முடித்திருந்தால் நான்கு அடியும் நான்கு பத்தியாக வந்து அடிகளுக்கிடையே இடைவெளி விழும். ஷிப்ட்டோடு என்டர் தட்டியிருந்தால் ஒரே பத்திக்குள் வரி முறிவாக வரும். செய்யுளுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

குறை தெரிந்தால் சிஎஸ்எஸ்ஸில் ஒட்டுப்போட வேண்டாம்; மாற்றும் இடத்திலேயே திருத்துங்கள். வேர்டு கோப்புகளுக்கு மேமத் என்ற மாற்றி ஃபான்ட், அளவு, நிறம் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஸ்டைல் பெயரையே முதன்மையாகப் பார்க்கும். எந்த ஸ்டைல் எந்த டேக்காக, எந்தக் கிளாஸோடு வர வேண்டும் என்று நீங்கள் ஒரு பட்டியலாக எழுதித் தரலாம்; வெற்றுப் பத்திகளை அது இயல்பாகவே விட்டுவிடும். பேண்டாக்கில் 2017 முதல் லுவா வடிகட்டிகள் உண்டு. எழுத்தில்லாத படப் பத்திக்குப் பெயர் சூட்டுவதோ, எல்லாப் பட்டியல் வரிகளையும் ஒரே கட்டமைப்புக்குக் கொண்டுவருவதோ அங்கே சில வரி வேலை. ஆசிரியர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எழுத்தைக் கையால் தடிப்பாக்கிப் பெரிதாக்கி எச்சரிக்கைபோல் காட்டாமல், ‘எச்சரிக்கை’ என்ற ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து எழுதட்டும். அந்தப் பெயர் ஆவணத்தில் இருந்தால் எந்த நல்ல மாற்றியாலும் அதைக் கொண்டுவர முடியும்.